சாது ஜீவன்

"அண்ணே, இது சாது. கீழே கிடக்கிற மிச்சத்தை மட்டும்தான் தின்னும்."

எங்கள் வீவக வீட்டுக் கூடத்தில் 3 அடிக் கடல்தொட்டி வைத்த நாளிலிருந்து, மீன்கடைத் தம்பி இந்த ஒரு வரியைச் சொல்லியே என் பர்ஸைக் காலி செய்தார். நத்தை, நண்டு, பிரிட்டில் ஸ்டார் எனும் ஐந்து கைப் பிராணி என்று துப்புரவுப் படை ஒன்று வந்து இறங்கியது.

முதலில் துறவி நண்டு. பெயரில் மட்டும்தான் துறவு. ஒரே மாதத்தில் இரண்டு நத்தைகளைக் காணோம். அவற்றின் ஓடுகளில் இரண்டு நண்டுகள். வீடு பார்க்க வந்தவர் வீட்டுக்காரரையே சாப்பிட்டுவிட்டுப் பால் காய்ச்சிய கதை. காலி ஓடுகள் நாலைந்து போட்டு வைத்தால் கொலை குறையுமாம். அதையும் அதே தம்பியிடம்தான் காசு கொடுத்து வாங்கினேன்.

கடல் அட்டை வாங்கலாமா என்றேன். ராமநாதபுரத்துக்காரியான மனைவி, "எங்க ஊர்ல அதைத் தொட்டா ஜெயிலு" என்றாள். 2001இல் இந்தியா அதைப் புலி இருக்கிற பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. போதாததற்கு, தொட்டி மோட்டாரில் சிக்கிச் செத்தால் அது கக்கும் நஞ்சில் மீன்கள் கூண்டோடு போய்விடக்கூடும். விட்டுவிட்டேன்.

பிறகுதான் என் ஃபயர்ஃபிஷ் மீன் காணாமல் போனது.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு இரவு 2 மணிக்கு உட்கார்ந்தேன். சிவப்பு வெளிச்சத்தை இந்தத் துப்புரவுப் பிராணிகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பாறை இடுக்கிலிருந்து முள்ளுப்புழு ஒன்று நீண்டது. இங்கிலாந்தின் நியூகேயில், பவளத்தைத் துண்டாக்கி மீனையும் காயப்படுத்திய 4 அடிப் புழுவை 2009இல் ஒரு காட்சித் தொட்டியிலிருந்து பிடித்தார்கள். அதன் ஒன்றுவிட்ட தம்பியோ என்று பயந்தால், இது மூன்று அங்குலம். ஊறிப்போன தீனி உருண்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. பாவம், அதைத்தான் நான் போன வாரம் விரலால் பிடிக்கப் போய், கண்ணுக்குத் தெரியாத முட்களை டேப் ஒட்டி ஒட்டிப் பிடுங்கினேன்.

மூலையில் பச்சை பிரிட்டில் ஸ்டார். ஐந்து கை நுனிகளையும் ஊன்றி, உடம்பை உயர்த்தி, கல்யாணப் பந்தல் மாதிரி நின்றது. நிழல் என்று நம்பி மீன் உள்ளே ஒதுங்கினால் பந்தல் மூடிக்கொள்ளும். பிரிட்டில் ஸ்டாரில் பல ரகம் நிஜமாகவே சாது. இந்தப் பச்சை மட்டும் வேட்டைக்காரன். கையும் களவுமாகப் பிடித்த திருப்தியில் காலையிலேயே கடைக்குக் கொண்டுபோனேன்.

"வளர்ந்தா கொஞ்சம் அப்படித்தாண்ணே" என்றார் தம்பி.

சனிக்கிழமை தொட்டிக்குப் பின்னால் பெருக்கிய மனைவி, "இது உங்களுதா பாருங்க" என்றாள். மூடி போடாத தொட்டியிலிருந்து குதித்த ஃபயர்ஃபிஷ், நெத்திலிக் கருவாடாகத் தரையில் கிடந்தது. சமையலறையிலிருந்து அதுவரைக்கும் எறும்பு வரிசை, மிச்சத்தை மட்டும் தின்றுகொண்டிருந்தது.