மொட்டைமாடியில் 'சும்மா ஒரு ரூம்'

கேள்வி: மொட்டைமாடியில் ஓர் அறை எழுப்புவதற்கும் அனுமதி வேண்டுமா?

பதில்: வெள்ளையடித்தல், உதிர்ந்த பூச்சைச் சரிசெய்தல், தரை ஓடு மாற்றுதல் போன்ற பராமரிப்பு வேலைகள் கட்டடத்தின் பரப்பை மாற்றாதவை என்பதால் அவற்றுக்குத் தமிழ்நாட்டில் அனுமதி தேவையில்லை, ஆனால் புதுச்சுவர் எழும்பி, எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்புக்கும் மனைப் பரப்புக்கும் உள்ள விகிதமாகிய தளப்பரப்புக் குறியீடு கூடிவிட்டால், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் முன்னே 'சும்மா ஒரு ரூம்தான்' என்னும் வாதம் எடுபடாது. சுவருக்கும் மனை எல்லைக்கும் இடையே விட வேண்டிய வெற்றிடமான செட்பேக்கில் சமையலறையை நீட்டுபவருக்கோ, அவ்விதிகளை அதிகாரியைவிடக் கருத்தூன்றிப் படித்த அண்டைவீட்டார் ஒருவர் எப்படியும் வாய்த்துவிடுவார். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், தரைத்தளத்தோடு முதல் தளமும் சேர்த்து 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் வீட்டுக்கு, 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டம் இணையவழியில் உடனடி அனுமதி வழங்குவதால், 'முதலில் கட்டுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மேஸ்திரி சொல்லும் ஆறுதலைவிட அதுவே விரைவானது, மலிவானதும்கூட.