'ரு' பக்கத்து மாணிக்கம்

அந்தப் புத்தகத்தை முதன்முதலாக மடியில் வாங்கி வைத்தபோது டெலிபோன் டைரக்டரி என்றே நினைத்தேன். அதே கனம், அதே மெல்லிய தாள், அதே எறும்பு வரிசை எழுத்து. இந்த ராத்திரி நேரத்தில் யாருக்குப் போன் போடச் சொல்கிறார்கள் என்று விழித்தேன்.

1993. ஜப்பானில் கவாசாகி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்து; பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினொன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய கடை. முதலாளி அறுபது வயது அம்மாள். அவரை எல்லோரும் வாய் நிறைய "மாமா, மாமா" என்று கூப்பிட்டார்கள். மதுக்கடை நடத்தும் பெண்மணிக்கு அங்கே அதுதான் மரியாதை. தாய்மாமனைத் தவிர வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழகாத எனக்கு, அந்த ஊரில் இருந்த நாலு வருஷமும் அது வாயில் வரவே இல்லை.

டைரக்டரியில் இருந்தது பாட்டுப் பட்டியல். முன்பாதி பாட்டின் தலைப்பு வரிசை, பின்பாதி பாடகர் வரிசை. வேண்டிய பாட்டின் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினால், அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ரிமோட்டில் அமுக்குவார். லேசர் தட்டு சுழலும். டிவியில் மழைக்கோட்டு போட்ட ஒருத்தி துறைமுகத்து ஓரமாக நடப்பாள். காதல் பாட்டோ, கல்யாணப் பாட்டோ, எதைப் போட்டாலும் அவள்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

கரோக்கே என்றால் 'காலி ஆர்க்கெஸ்ட்ரா'. 1971இல் கோபே நகரத்தில் இனோவே தைசுகே என்ற வாத்தியக்காரர் இதற்கு ஒரு பெட்டி செய்தார். காப்புரிமை வாங்கவில்லை. உலகமே சம்பாதித்தது, அவருக்கு 2004இல், வேடிக்கைக்காகத் தரும் இக் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதுவழி கண்டதற்காக. அன்று ராத்திரி கவாசாகியில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களை நினைத்தால், அந்தப் பரிசில் கிண்டலே இல்லை என்று தோன்றுகிறது.

எங்கள் அலுவலகத்துக் காச்சோவுக்கு, அதாவது பிரிவுத் தலைவருக்கு, என்மேல் அபார நம்பிக்கை. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பேராசிரியர் ஓனோ சுசுமு எழுதியதை அவர் படித்திருந்தார். பெரும்பாலான மொழியறிஞர்கள் அதை ஏற்கவில்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். தமிழன் என்றால் ஒரு பாட்டாவது வந்துதானே ஆக வேண்டும்?

"சுகியாக்கி தெரியுமா?" என்று கேட்டார்.

"மன்னிக்கணும், நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை" என்றேன்.

கடையே சிரித்தது. அவர் கேட்டது பாட்டை. சாகாமோதோ கியூ 1961இல் பாடியது. 1963 ஜூனில் அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. கண்ணீர் சிந்தாமல் இருக்க அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறவனின் பாட்டுக்கும், மாட்டிறைச்சியைக் கொதிக்க வைத்துச் சாப்பிடுகிற சுகியாக்கிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜப்பானியத் தலைப்பு வெளிநாட்டான் வாயில் நுழையாது என்று மேற்கே ஒட்டவைத்த பெயர் அது. இது தெரியாமல் நான் 'சு' பக்கங்களை வியர்க்க வியர்க்கப் புரட்டினேன். பாட்டோ அதன் உண்மையான பெயரில், 'உயே ஓ முயிதே அருகோ' என்று, 'உ' பக்கத்தில் சௌக்கியமாக இருந்தது. நான் கண்டுபிடிப்பதற்குள் காச்சோவே அதைப் பாடி முடித்துவிட்டார்.

அந்த வாரமே ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கு ஒரே ஒரு பாட்டு போதும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற இடத்தில் அது இருக்க வேண்டும். வரிசை எனக்குப் புதிதில்லை. அ இ உ எ ஒ, பிறகு க ச த ந, கடைசியில் ய ர வ. புத்த பிக்குகளோடு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன அடுக்கு அது. சீன எழுத்துகளைத்தான் எனக்குப் படிக்க வராது. 'ச' பக்கத்தைத் திறந்தால் ஒரே சாகுரா. சாகே, சாயோனாரா என்று போய்க்கொண்டே இருக்கும். சகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் தடுத்ததன் அருமை அன்றுதான் புரிந்தது.

ரகரத்துக்கும் நம் இலக்கணத்தில் தடை உண்டு. ராமனையே இகரம் போட்டு இராமனாக்கித்தானே வாசலுக்குள் விட்டோம்? ஜப்பானியர்களின் பூர்வீகச் சொற்களிலும் ரகரம் முதலில் வராது. நாம் உருசியா என்றதுபோல அவர்களும் ஒரு காலத்தில் ஒரோஷியா என்றுதான் சொன்னார்கள். அதனால் புத்தகத்தில் 'ர' வரிசை மெலிந்து கிடந்தது. அதிலும் 'ரு' பகுதி நோஞ்சான். அங்கே பிள்ளைகள் சிரிதோரி என்று அந்தாதி மாதிரி ஒரு சொல் விளையாட்டு விளையாடுவார்கள். எதிராளியை மடக்க, 'ரு'வில் முடியும் சொற்களாகவே எடுத்து வீசுவார்கள்; 'ரு'வில் தொடங்கும் சொல் கிடைக்காமல் அவன் திணறுவான். எனக்கு அந்தப் பஞ்சமே வரமாக வாய்த்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சொற்கள் என்பதால் தலைப்புகளும் பெரும்பாலும் எனக்குத் தெரிந்த கத்தகானா எழுத்தில் இருந்தன. போதாததற்கு, நம்முடைய ர, ற, ல, ள, ழ ஐந்தும் பார்க்கிற வேலையை அங்கே ஒரே எழுத்து பார்த்துவிடும். பெயரில் ழகரம் வைத்துக்கொண்டு திண்டாடிய எனக்கு அது பெரிய நிம்மதி.

அந்தச் சின்னப் பகுதியில் ஒரு மாணிக்கம், ஒரு உதட்டுச்சாயம், ஒரு திருடன். மாணிக்கம், தெராஓ அகிரா 1981இல் பாடிய 'ரூபி நோ யுபிவா', மாணிக்க மோதிரம். உதட்டுச்சாயம், அராய் யூமியின் 1975ஆம் வருஷப் பாட்டு. திருடன், கார்ட்டூன் லூப்பன். நான் மோதிரத்தை எடுத்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடியோடு, பக்கத்து மேஜைக்காரனிடம் பேசுகிற மாதிரி அடங்கிய குரலில் பாடுகிற பாட்டு. 'தி பெஸ்ட் டென்' என்ற டிவி நிகழ்ச்சியில் தொடர்ந்து 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடியவர் நடிகரும்கூட, குரோசவாவின் 'ரான்' படத்தில் மூத்த மகன் அவர்தான். படமும் 'ர' வரிசைதான், பாருங்கள்.

குளியலறையில் மூன்று வாரம் சாதகம். டிசம்பர் விருந்தில் பாடினேன். காச்சோ கண் கலங்கினார். ஆனால் எனக்குப் பக்கத்தில் இருந்த இருபத்து நாலு வயதுப் பையன் கொட்டாவியைக் கைக்குள் மறைத்ததையும் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்துப் பாட்டு அவனுக்கு ஆறிப்போன காபி. அந்த மாதம்தான் வெளிவந்திருந்த 'ரோமான்சு நோ காமிசாமா'வைப் பாடத் துடித்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கு இவ்வளவு பழைய பாட்டெல்லாம் எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேட்டான். ஜப்பானில் மரியாதையாகக் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

போன நவம்பரில் பத்து நாள் வேலையாக மறுபடி கவாசாகி போனேன். அந்தச் சந்தில் கடை இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே கரோக்கேக்கென்றே ஒரு மாடிக் கட்டடம். நாலு பேருக்கு ஓர் அறை, கதவைச் சாத்தினால் அவரவர் பாவம் அவரவரோடு. டைரக்டரியும் இல்லை, துண்டுச்சீட்டும் இல்லை. தோசைக்கல் அகலத்தில் ஒரு டேப்லெட். எழுத்தைத் தொட்டால் பட்டியல் கொட்டுகிறது. ஆசையோடு 'ரு'வைத் தொட்டேன். என் நோஞ்சான் பகுதி ஊதிப் போயிருந்தது. 'லூக்கா லூக்கா நைட் ஃபீவர்' என்று 2009இல் வந்த பாட்டு ஒன்று. பாடுவது மெகுரினே லூக்கா, தொண்டையே இல்லாத கணினிக் குரல். தொண்டை இருக்கிறவர்களுக்கோ இயந்திரம் மார்க் போடுகிறது. ஸ்வரம் எங்கே இறங்கியது, குரல் எத்தனை முறை நடுங்கியது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. கண் கலங்குவதற்குத் தனி மார்க் இருப்பதாகத் தெரியவில்லை.

என்னோடு வந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு இருபத்தாறு வயது. மைக் முதலில் அவள் கைக்குப் போனது. திரையில் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. மாணிக்க மோதிரம்! ஒருவருக்கென்று அமைந்துவிட்ட பாட்டை அங்கே 'பதினெட்டாம் நம்பர்' என்பார்கள்; கபுகி நடிகர் குடும்பம் ஒன்று தங்களுக்கென்று வைத்திருந்த 18 நாடகங்களிலிருந்து வந்த வழக்கு. அடுத்தவரின் பதினெட்டாம் நம்பரில் கை வைப்பது அழகில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சந்துக் கடையில் நான் பட்டா போட்டுக்கொண்டது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

நன்றாகவே பாடினாள். 92 மார்க். இந்தப் பாட்டு எப்படித் தெரியும் என்று, நானும் மரியாதையாகவே, கேட்டேன். பழைய ஜப்பானியப் பாட்டுகள்தான் இப்போது இளசுகளிடம் புதுசாம். இசைத்தட்டாகவே தேடி வாங்கியிருக்கிறாள். "எமோய்" என்றாள். மனதை என்னவோ செய்கிறது என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் அங்கே அப்படித்தான் சுருக்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதில் கிழடாக இருந்த பாட்டு நாற்பதைத் தாண்டிக் குமரியாகியிருக்கிறது. எனக்கு மட்டும் கணக்கு நேராகவே போய்க்கொண்டிருக்கிறது.

"உங்களுக்கும் இந்தப் பாட்டு தெரியுமா?" என்று கேட்டாள்.

"கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றேன்.

டேப்லெட் என் பக்கம் வந்தது. 'ரு'வைத் தொட்டு மெல்லக் கீழே தள்ளினேன். கடைசியில் உதட்டுச்சாயத்தை அமுக்கினேன். ஐம்பத்தெட்டு வயதில் வேறென்ன செய்ய? எனக்கு மிச்சமிருந்தது அதுவும் அந்தத் திருடனும்தான்.