மாவு மில்லும் சனிக்கிழமை வகுப்பும்

எழுபதுகளில் மன்னார்குடியில் ‘குழந்தை வளர்ப்பு’ என்று யாரும் தனியாக ஒன்றைச் செய்ததாகத் தெரியவில்லை. வீட்டில் வேலை இருந்தது, பிள்ளைகள் நாங்கள் இருந்தோம். அம்மா இரண்டையும் கோத்துவிட்டாள்.

மூன்றாம் வகுப்பிலேயே மாவு மில் என் பொறுப்பு. தூக்கில் ஊறவைத்து உலர்த்திய பச்சரிசி, கையில் அரைவைக் கூலிச் சில்லறை, கூடவே அம்மாவின் உத்தரவு: “முன்னாடி மிளகாய் அரைச்சாங்களான்னு கேளு. அரைச்சிருந்தா வேற யாராவது அரிசி போட்டப்புறம் நீ போடு.” கேட்காமல் போட்டால் வெல்லக் கொழுக்கட்டையில் காரம் ஏறிவிடும். மில்காரரோ “சும்மா போடுடா தம்பி” என்பார். பெரியவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டும். முறையை விட்டுக்கொடுத்தும் இடத்தை விடாமல் நிற்க வேண்டும். சூடான மாவை மூடாமல் தூக்கிவர வேண்டும், மூடினால் வியர்த்துக் கட்டிதட்டும். வந்ததும் மீதிச் சில்லறைக்குக் கணக்கு. இப்போது இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர்கள் வந்துவிட்டன: முடிவெடுக்கும் திறன், பேச்சுத் திறன், நிதி அறிவு.

சென்னையில் என் பேரன் சனிக்கிழமைதோறும் ‘லைஃப் ஸ்கில்ஸ்’ வகுப்புக்குக் காரில் போகிறான். அங்கே ஒரு கிண்ணத்துப் பருப்பை இன்னொரு கிண்ணத்துக்குக் கரண்டியால் மாற்றுகிறார்கள். பட்டாணி உரிக்கிறார்கள். ஜக்கிலிருந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ வருகிறது, பின்னாலேயே ஃபீஸ் ரசீதும் வருகிறது. அதே பையன் வீட்டில் தண்ணீருக்கு எழுந்தால், “ஐயோ, கண்ணாடிடா! வச்சுடு, அம்மா தரேன்” என்று மகள் பாய்ந்து வருகிறாள்.

இந்தப் பயிற்சிகளை வகுத்த மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். உடையக்கூடிய பொருளைத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும், அப்போதுதான் கவனம் வரும் என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டில் அது கொள்கையெல்லாம் இல்லை. பின்னாலேயே ஓடிவர அம்மாவுக்கு நேரமில்லை.

பழம்பெருமைக்கும் ஓர் அளவு உண்டு. மில், ரேஷன் க்யூ, வாடகை சைக்கிள் எல்லாம் எனக்கு. அடுப்படி முழுக்க அக்காவுக்கு. வேலை கிடைத்து வெளியூர் போனபோது எனக்கு ஒரு ஆழாக்கு அரிசி வடிக்கத் தெரியாது. அக்காவைத் தனியாக பஸ் ஏற்றியதே இல்லை. பேரன் பட்டாணியாவது உரிக்கிறான்.

ஒரே குறை, வகுப்பில் உரித்த பட்டாணிக்காக யாரும் பசியோடு காத்திருப்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைக் குருமாவுக்குப் பட்டாணி அவன் பாடு என்று வீட்டில் தீர்மானம் போட்டோம். மறந்தால் ஞாபகப்படுத்தக் கூடாது, நாமும் உரிக்கக் கூடாது. இரண்டாவது விதிதான் மகளுக்குக் கஷ்டம். உரிக்காமல் கிடந்த பட்டாணிக் கூடையைப் பார்க்காமலிருக்க பால்கனிக்குப் போய்விட்டாள்.

குருமா வந்தது. பையன் கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தான்.

“தாத்தா, பட்டாணி எங்கே?”

“உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தோம்” என்றேன்.