வசந்தத்துக்கு ஒரு கத்தி

நுவரெலியாவுக்கு வசந்தம் ஏப்ரலில் வரும். வரும் என்பதைவிட, வரவழைக்கப்படும் என்பதே சரி. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்பிலிருந்து ஏறிவரும் வாகன வரிசை எல்லாம் ஏற்பாடாகிவிட்டால், பூக்களும் குறித்த திகதியில் ஆஜராக வேண்டும். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்காகப் பெயர் சூட்டப்பட்ட பூங்காவில் அவை ஆஜராகவும் செய்கின்றன. முன்கூட்டியே நாற்றுப் போட்டவர்களின் பெயர் மட்டும் அழைப்பிதழில் இராது. அந்தப் பூக்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர் ஹட்டன் பக்கத்து வீட்டு நிழலில் ஒரு டேலியாக் கிழங்கை ஊன்றுவார். அது பூக்காமல் போனதும், நிழலில் எதுவும் பூக்காது என்று தீர்ப்பும் எழுதிவிடுவார். என் கட்சி வேறு. மலையகத்தில் பூ வளர்ப்பவர் விசாரிக்க வேண்டியது வெளிச்சத்தை. மாதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த வெளிச்சத்தைத் திறந்துவிடும் அதிகாரம் பஞ்சாங்கத்தைவிடக் கத்திக்கே அதிகம்.

வசந்தத்தையும் நிழலையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம் இங்கிலாந்துக் காட்டுச் சரக்கு. அங்கே குளிரில் மொட்டையான மரங்கள் மறுபடி தழைக்குமுன் சில வாரங்கள் தரையில் வெயில் விழும். புளூபெல்லும் பிரிம்ரோஸும் அந்த இடைவெளியில் அவசரமாகப் பூத்து, இலைக்கூரை மூடுவதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ளும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகைதான் தள்ளி இருக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணிநேர வித்தியாசம்கூடக் கிடையாது. கிரெவிலியா மரமும் மொத்தமாக இலையுதிர்த்து யாருக்கும் வழிவிடுவதில்லை. தை மாசியில் சில இரவுகள் உறைபனி எட்டிப்பார்த்துவிட்டுப் போவதைக் குளிர்காலம் என்று ஒத்துக்கொள்ள புளூபெல் கிழங்கு தயாரில்லை.

அப்படியானால் இந்த மலைக்கு இடைவெளி எங்கிருந்து வரும்? தேயிலை மலைகளில் நிழலுக்கு நட்ட முள்முருங்கையை மழைக்காலத்துக்கு முன் கழித்துவிடுவார்கள். தென்மேல் பருவக்காற்று ஹட்டன் பக்கம் மூட்டம் போட்டுவிட்டால் வானமே நிழல் தரும். அதற்குக் கீழே இன்னொரு நிழல் வீண்செலவு. வெட்டிய தழை மண்ணுக்குப் பசளையாகும். ஆக, இங்கே இலையுதிர்காலம் கத்தி முனையில் நடக்கிறது, வசந்தம் அதன் பின்னாலேயே வருகிறது. வீட்டுப் பூச்செடிக்கும் இதே கணக்குதான்: மேலே நிற்கும் கிளையில் இரண்டைக் கழித்தால் போதும், தையோ ஆடியோ, வசந்தம்.

எந்தச் செடி நிழலுக்கு ஆகும் என்று அதன் நெற்றியிலா எழுதியிருக்கிறது? ஏறக்குறைய எழுதித்தான் இருக்கிறது. நடுநரம்புக்கு ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்த கோணல் இலை என்றால் அநேகமாகப் பிகோனியா. நீர் நிறைந்த தண்டோடு நடுப்பகல் வெயிலில் துவண்டு விழுவது கிழக்காபிரிக்கக் காசித்தும்பை. அதன் முற்றிய காய் தொட்டதும் வெடித்து விதையைத் தெறிப்பதால் அடுத்த நடவை அதுவே பார்த்துக்கொள்ளும். கானோரச் சேற்றுக்குத் தென்னாபிரிக்க ஆரம் லில்லி. அதில் நாம் மெச்சும் வெள்ளை, இதழே இல்லை, உருமாறிய இலை. அசல் பூக்கள் நடுவிலுள்ள மஞ்சள் தண்டில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். ஹைட்ரேஞ்சியாவில் இதழாக நடிப்பவை புல்லிகள். நிழல் உலகத்தில் ஆள்மாறாட்டம் சகஜம். ஆனாலும் ஹைட்ரேஞ்சியா ஒரு விஷயத்தில் உண்மை விளம்பி: தேயிலைக்கு உகந்த அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் நீலமாகப் பூக்கும், டொலமைட் கொட்டிய பக்கத்தில் ரோசா நிறத்துக்குச் சாயும். வெள்ளை ரகம் மட்டும் யாருக்கும் சாட்சி சொல்லாது.

ஏப்ரலில் பூப்பதெல்லாம் பொய்யா என்று கேட்கலாம். இல்லை, வருடத் தொடக்கத்தில் மழை தணிந்து வெயில் கூடுகிறது, அதுவும் வெளிச்சத்தின் வேலைதான். நிழல் என்றால் அழுகல் என்பது அடுத்த வாதம். அழுகலுக்குப் பொறுப்பு தேங்கிய தண்ணீர். கான் வெட்டி அதை வழியவிட்டு, செடிக்குச் செடி காற்றோட வைத்தால் நிழல் நிரபராதி. மரத்தடியில் உறைபனியும் எளிதில் இறங்காது. நத்தையைப் பற்றி மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதற்கும் ரசனை இருக்கிறது. லயத்து வாசலில் கிடைக்கும் துண்டு நிலத்தில் பூ எதற்கு, லீக்ஸ் போட்டால் கறிக்காவது ஆகுமே என்பதுதான் கனமான ஆட்சேபம். வெயில் விழும் இடம் முழுவதையும் லீக்ஸுக்கும் கரட்டுக்கும் தாராளமாகக் கொடுத்துவிடலாம். கூரை நிழலில் கரட் இலையை வளர்த்துவிட்டுக் கிழங்குக்குக் கணக்குச் சொல்லும். மரக்கறி வேண்டாம் என்று தள்ளிய மண்ணைத்தான் பூ கேட்கிறது.

இன்னும் நம்பாதவருக்குக் கடைசிச் சாட்சி தேயிலை. காமெலியா இனத்தைச் சேர்ந்த அது, காட்டில் பெரிய மரங்களின் கீழ் வளர்ந்து பழகியது; வெள்ளை இதழும் மஞ்சள் கேசரக் கொத்துமாக அழகாகவே பூக்கும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியதிலிருந்து, கொழுந்தைக் கிள்ளியும் கவ்வாத்து வெட்டியும் அதைப் பூக்கவிடாமல் தடுத்து வருகிறோம். நிழலில் பூ வளர்ப்பது பெரும்பாடு என்பவர்கள், நிழலில் பூக்கத் துடிக்கும் ஒரு செடியைப் பூக்காமல் வைத்திருக்க எத்தனை பேர் விடிந்ததும் பெரட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.