நூறு கடந்த சூப்பர் ஹீரோவும் பன்னிரண்டு நிமிடமும்

லைக்கா புரடக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் கனம் பொருந்திய பொறுப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் அதிபர் சுபாஸ்கரன் முல்லைத்தீவுக்காரர். அதே கிழக்குக் கரையில், சற்றுத் தெற்கே கல்முனையில் குந்தியிருந்து எழுதும் எனக்கு ஊர்க்காரன் என்ற உரிமை கொஞ்சம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

விடயம் ‘இந்தியன் 2’. இத்தனை நாள் கழித்து ஏன் இப்போது என்று கேட்பீர்கள். 2019 ஜனவரியில் படப்பிடிப்புத் தொடங்கிய படத்தை 2024 ஜூலை 12ஆம் திகதிதான் எங்கள் கையில் தந்தீர்கள். விமர்சனத்துக்கு மட்டும் அவசரம் எதற்கு?

முதலில் பாராட்டு. ஹொலிவூட்காரர்கள் சூப்பர் ஹீரோவை வேற்றுக் கிரகத்திலிருந்து இறக்குவார்கள், இல்லாவிட்டால் சிலந்தியால் கடிக்க வைப்பார்கள். நீங்கள் நேதாஜியின் படையில் இருந்த சேனாபதி என்ற தாத்தாவைத் தாய்பேயிலிருந்து வரவழைத்து, ஒற்றைச் சக்கர வண்டியில் சென்னை வீதிகளில் பறக்கவிட்டீர்கள். 1996இல் வந்த முதல் படத்திலேயே கிழவனாக இருந்தவர் அவர். கணக்குப் போட்டால் இப்போது நூறு தாண்டியிருக்க வேண்டும். கேட்டதற்கு, சீனாவில் 120 வயதிலும் சண்டைக்கலை செய்த ஆசான் ஒருவரை இயக்குநர் ஷங்கர் உதாரணம் காட்டினார். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் சீனடிச் சிலம்பம் பழக்கும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். எழுபது வயதிலும் கம்பு சுழற்றுவார்கள், சுழற்றி முடித்ததும் கதிரை கேட்பார்கள். சேனாபதி தாத்தாவுக்கு ஒரு கதிரை போட உங்கள் ஆட்களில் எவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் என் கவலை.

படத்தைவிட விறுவிறுப்பான சண்டை 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 150 கோடி இந்திய ரூபாய் என்று பேசித் தொடங்கிய படத்துக்கு 236 கோடி போய்விட்டது, இன்னும் எண்பது சதவீதம்தான் முடிந்திருக்கிறது, இதை முடிக்காமல் ஷங்கர் வேறு படம் எடுக்கக் கூடாது என்று நீங்கள் போனீர்கள். நாயகனுக்கு ஒப்பனை ஒவ்வாமை, படப்பிடிப்பில் விபத்து, பிறகு கொரோனா, தாமதத்துக்கு நான் என்ன செய்ய என்றார் அவர். நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரை மத்தியஸ்தராக வைத்தும் பார்த்தது நீதிமன்றம். (2020 பெப்ரவரியில் கிரேன் விழுந்து மூன்று பேர் உயிர்விட்ட இடத்தில் எனக்குப் பகடி வராது. அதைத் தாண்டிப் போகிறேன்.)

ஹொலிவூட்டில் ஸ்டூடியோவுக்கும் இயக்குநருக்கும் நடக்கும் சண்டை வேறு மாதிரி. 2015இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ வெளியாவதற்கு முதல் நாள், தன் கையில் இருந்த நல்ல படத்தை ரசிகர்கள் பார்க்கப்போவதில்லை என்ற கருத்தில் இயக்குநர் ஜோஷ் டிராங்க் ட்விட்டரில் எழுதி, பிறகு அழித்தார். 2017இல் ‘ஜஸ்டிஸ் லீக்’கை விட்டு சாக் ஸ்னைடர் விலக, ஜொஸ் வீடன் வந்து பல காட்சிகளைத் திரும்ப எடுத்தார். அதற்குள் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கவில் ‘மிஷன் இம்பொசிபிள்’ படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அந்தப் படத்தை எடுத்த பரமவுண்ட், மீசையில் கத்தி படக் கூடாது என்றுவிட்டது. கடைசியில் கம்பியூட்டரால் சவரம் செய்தார்கள். மேலுதடு ஏதோ களவெடுத்தவனின் உதடுபோல ஆனது. ஸ்னைடர் நினைத்த படம் 2021இல் நான்கு மணி நேரமாக வந்து சேர்ந்தது.

அங்கே முதலாளி கதைக்குள் கையை விட்டுக் கெடுத்தார். நீங்களோ கதையைத் தொடவே இல்லை போலிருக்கிறது. உங்கள் வழக்கைப் பற்றி வந்த செய்திகளில் கோடி இருந்தது, திகதி இருந்தது, சம்பள பாக்கி இருந்தது. ‘ஐயா, இந்தத் தாத்தாவுக்கு என்ன வயது? இளைஞர்கள் இணையத்தில் கூப்பிட்டதும் வந்து நிற்கிறாரே, அவர்களுக்குச் சொல்லப் புதிதாக என்ன வைத்திருக்கிறார்?’ என்று கேட்டதாக ஒரு வரியும் நான் காணவில்லை. இவ்வளவு சண்டை பிடித்தீர்கள், பிடிக்க வேண்டிய ஒரு சண்டையை விட்டுவிட்டீர்கள்.

கத்தரிக்கோல் எடுத்ததும் எப்போது? படம் வந்து இரண்டொரு நாளில். மூன்று மணி நேரப் படத்தில் பன்னிரண்டு நிமிடம் வெட்டிவிட்டோம், வாருங்கள் என்றீர்கள். வெளிநாட்டு அழைப்பை நிமிடக் கணக்கில் விற்று வளர்ந்த குழுமம் உங்களுடையது. பேசி முடித்துக் காசும் போன பிறகு பன்னிரண்டு நிமிடத்தைக் கழித்து என்ன பயன்? ஆனாலும் எங்களுக்கு இது பழகியதுதான். 2020 பெப்ரவரியில் எங்கள் பக்கத்துச் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வெளியிட்டார்கள், பட்டாசுப் புகை அடங்குமுன் நிறுத்திவைத்தார்கள். வெளியிட்டுவிட்டு யோசிப்பதில் கொழும்புக்கும் கோடம்பாக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முடிவில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டினீர்களே, அது நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மூன்று மணி நேரம் விளம்பரம் ஓட்டி இரண்டு நிமிடம் படம் காட்டியதுபோல இருந்தது.

ஆகவே மூன்றாம் பாகத்துக்கு என் விண்ணப்பம் இது. வக்கீலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு துளியை எடுத்து, எங்கள் ஊர் மூத்தவாப்பா ஒருவரைப் படத்தொகுப்பு அறையில் உட்கார வையுங்கள். அவருக்கு உலக சினிமா தெரியாது. பேரப்பிள்ளைகளோடு இருந்து ‘இந்தியன் 2’ பார்க்கையில், “இந்தாள் எப்படா மௌத்தாகும்?” என்று அரைமணி நேரத்துக்கு ஒருதரம் கேட்டவர் அவர். ஷங்கர் ஐயாவுக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்து அதே கேள்வியைக் கேட்பார். சம்பளம் வேண்டாம். பகலைக்குச் சோறும் மீன் ஆணமும், வெற்றிலைத் தட்டமும் போதும். நல்ல கதிரை ஒன்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
கல்முனைக்குடியிலிருந்து ஒரு ரசிகன்