தடங்கலுக்கு வருந்துகிறோம்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீக்கடையில் ஐம்பதைத் தாண்டிய நாலு பேர் சேர்ந்தால் போதும், தூர்தர்ஷன் பொற்காலம் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' மாதிரி வருமா என்பார்கள். வராதுதான். பாதிப் பாட்டு, மாடியில் ஆன்டெனாவைத் திருப்பியவனுக்கும் கீழேயிருந்து "இன்னும் கொஞ்சம் திருப்புடா!" என்று கத்தியவருக்குமே போய்விடும். உண்மையில் அதிகம் பார்த்த நிகழ்ச்சி 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'தான். 1987 ராமாயணம் முழுக்க இந்தி. ஆனாலும் புரியவில்லை என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. 2020 ஊரடங்கில் அதையே மறுபடி போட்டபோது, பத்தாவது நிமிடத்தில் ரிமோட்டைத் தேடியவர்களும் இவர்களே. இப்போது பக்கத்து பெஞ்சில் காலேஜ் பையன்கள் சுட்டி டிவி ஜாக்கி சானுக்காக உருகுகிறார்கள். பெரியவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை: "கார்ட்டூனுக்கெல்லாமாடா ஏங்குவீங்க?"