வளைவில் தெரியும் வளர்ச்சி

சீடன் என்பவன் தன் சிலுவையைத் தானே சுமப்பவன் என்பார்கள். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் அவர்களை மலைக்குத் துரத்தின. அதைக் குறை சொல்ல முடியாது. சாலை வருமுன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து பல துரைமார் டோலியில்தான் ஏறினார்கள். போதித்தவர் உட்கார்ந்திருந்தார், சுமந்தவர் கூலியாள். உண்மையான சீடர் யார் என்று டோலிக் கம்பைத்தான் கேட்கவேண்டும்.

இப்போது டோலி இல்லை, வேன் இருக்கிறது. மூன்று நாள் தியான முகாம். முதல் நாள் கண்ணீர், இரண்டாம் நாள் தீர்மானம், மூன்றாம் நாள் ஹோம்மேட் சாக்லேட். 'ஆண்டவர் என் கோபத்தை எடுத்துப்போட்டார்' என்று மைக்கில் சாட்சி சொன்ன அண்ணாச்சி, அடுக்கம் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிறார். சாலை குறுகல். வளைவில் பலாப்பழம் ஏற்றிய ஜீப் ஒன்று எதிரே வருகிறது. யாராவது ஒருவர் பின்னால் எடுக்கவேண்டும்.

அண்ணாச்சி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜீப்காரர் எந்த முகாமுக்கும் போனவரல்ல, நெற்றியில் திருநீறு. பேசாமல் ரிவர்ஸ் எடுத்து, பாறையோரம் ஒதுங்கி, கையசைத்து வழிவிட்டார்.

ஆவிக்குரிய வளர்ச்சியை அளக்க முகாமில் படிவம் கொடுக்கிறார்கள். அது வேண்டாம் ஐயா. அடுக்கம் சாலையில் ஒரு வளைவு போதும்.